பெயர் போடாத புத்தகம்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கறுப்பின நாவலாசிரியர் டோனி மாரிசன் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ‘பதிப்பகம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார்’ என்ற வரி மட்டும் உறுத்தியது. முப்பது ஆண்டுகள் மெய்ப்புத் திருத்திப் பிழைத்தவன் நான். கண்டும் காணாமல் விட முடியவில்லை.

அந்த ‘வேலை’, ரேண்டம் ஹவுஸ் நிறுவனத்தில் பதிப்பாசிரியர் பணி. சிராக்யூஸ் நகரில் அதன் பாடநூல் பிரிவில் சேர்ந்து, நியூயார்க்குக்கு மாறி, 1983 வரை அங்கே இருந்தார். கறுப்பின உரிமைப் போராளி ஏஞ்சலா டேவிஸ், குத்துச்சண்டை வீரர் முகமது அலி ஆகியோரின் தன்வரலாறுகளும் கேல் ஜோன்ஸின் நாவல்களும் டோனி கேட் பம்பாராவின் கதைகளும் அவர் கைபட்டு வந்தவை. ஹென்றி டூமாஸ் என்ற கவிஞர் 1968இல், 33 வயதில், நியூயார்க் சுரங்க ரயில் நிலையத்தில் போலீஸ்காரரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய கவிதைகளையும் கதைகளையும் 1974இல் நூலாக்கிய மாரிசன், இறந்துபோன எழுத்தாளருக்காக வெளியீட்டு விருந்துக்கு அழைப்பும் அனுப்பினார். உயிரோடு இருப்பவருக்கே இதையெல்லாம் யார் செய்கிறார்கள்! தன்னுடைய முதல் நாவலையோ 1970இல் வேறு பதிப்பகத்துக்குக் கொடுத்தார். தான் எழுதுவதைப் பற்றி அலுவலகத்தில் மூச்சு விடவில்லை.

1974இல் வந்த இன்னொன்று ‘தி பிளாக் புக்’. மிடில்டன் ஹாரிஸும் வேறு சிலரும் சேகரித்து வைத்திருந்த காகிதங்களிலிருந்து உருவானது. அடிமை ஏல அறிவிப்புகள், கறுப்பினத்தவர் பெற்ற காப்புரிமைகளின் வரைபடங்கள், புகைப்படங்கள், பழைய பத்திரிகைத் துணுக்குகள் எல்லாம் அதில் உண்டு. அட்டையில் சேகரித்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. மாரிசனின் பெயர் இல்லை. அதில் 1856ஆம் ஆண்டுத் துணுக்கு ஒன்று: அடிமைமுறை இருந்த கென்டக்கியிலிருந்து, அது இல்லாத சின்சினாட்டிக்குத் தப்பி வந்த அடிமைப் பெண் மார்கரெட் கார்னர், பிடிக்க ஆட்கள் வந்துவிட்டபோது, மீண்டும் அடிமையாக விடமாட்டேன் என்று பெற்ற குழந்தையைத் தானே கொன்றாள். உங்கள் கட்டுரை பாதிப் பக்கம் புகழ்ந்த ‘பிலவ்ட்’ நாவலின் விதை இதுதான்.

வேலையை விட்ட சில நாட்களில், ஹட்சன் ஆற்றில் தன் வீட்டு முன்னிருந்த படகுத்துறையில் உட்கார்ந்திருந்தபோது மாரிசனுக்கு நெஞ்சு படபடத்ததாம். பயமோ என்று பார்த்தால், விடுதலை பெற்ற மகிழ்ச்சி. பெண்ணுக்கு விடுதலை என்றால் என்ன என்று யோசிக்கப் போய்த்தான் கார்னரின் நினைவு வந்ததாக அந்த நாவலின் பிற்பதிப்பு முன்னுரையில் அவரே எழுதியிருக்கிறார்.

கட்டுரை நூலாகும்போது ‘வேலை பார்த்துக்கொண்டே’ என்பதை அடித்துவிட்டு, ‘பிறர் நூல்களைப் பதிப்பித்துக்கொண்டே’ என்று திருத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

– ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர், கும்பகோணம்