ஞாயித்துக்கிழமை நம்மாளுக்காக பாட்டு கேக்குறோம்
எல்லாருக்கும் வணக்கம்பா. நம்மாளு நம்மள விட்டு போய், வர்ற ஞாயித்துக்கிழமையோட ஒரு வருஷம் ஆகுது. படம் வச்சு மாலை போட்டு பேசுறதெல்லாம் வேணாம், அவர் கேசட்டெல்லாம் இருக்கு, வந்து கேளுங்கன்னு அவன் வீட்ல சொல்லிட்டாங்க. சாயங்காலம் 5 மணி, திருவல்லிக்கேணி, அவங்க வீட்டு மொட்டை மாடி.

டேப் ரெக்கார்டர் நான் கொண்டு வரேன், பெல்ட் மாத்தி ரெடியா இருக்கு. மொதல்ல இளையராஜா சாரோட ஹவ் டு நேம் இட் ஆல்பம், 1986ல தியாகராஜருக்கும் ஜெர்மனி இசைமேதை பாஹுக்கும் சமர்ப்பணம்னு போட்டாரே அதுதான், வி.எஸ். நரசிம்மன் வயலின் வந்தாலே கைய தூக்கி எல்லாரையும் பேசாம இருக்க சொல்லுவான், கீழ பேஸ் கிட்டார் என்ன பண்ணுது பாரு பாருன்னு தொடைய தட்டுவான், வார்த்தைய தாண்டி இசைய கேக்க நான் ஆரம்பிச்சதே அவனாலதான். அந்த கேசட் அட்டையில பச்சை இங்க்ல அவன் எழுதினது இன்னும் அழியாம இருக்கு.

ஆளுக்கு ஒரு பாட்டு, அவன் உங்களுக்கு குடுத்ததா இருக்கணும். அவன்கிட்ட வாங்கின கேசட் இருந்தா கண்டிப்பா எடுத்துட்டு வாங்க, அவன் பையன் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்துறேன்னு சொல்றான். டீ, பஜ்ஜி அங்கேயே. வர்றவங்க இன்னைக்கு ராத்திரிக்குள்ள சொல்லிடுங்க.