விற்ற ஸ்கூட்டருக்கு வந்த அபராதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் பழைய ஸ்கூட்டரை விற்று ஒன்றரை வருஷம் ஆகிறது. போன வாரம் ஒரு எஸ்எம்எஸ் வந்தது, ஹெல்மெட் போடாததற்கு 1000 ரூபாய் அபராதம் என்று. பால் வாங்கக்கூட ஹெல்மெட்டோடு போய் வீட்டில் கிண்டல் வாங்கியவன் நான். அரசின் பரிவாகன் இ-சலான் அபராதத் தளத்தில் வண்டி எண்ணையும் சேசிஸ் எண்ணின் கடைசி 5 இலக்கங்களையும் போட்டுப் பார்த்தால், அண்ணா நகரில் சிக்னலில் நிற்காமல் போனதற்கு இன்னொரு 500 ரூபாய் நிற்கிறது. படத்தைத் திறந்தேன். என் வண்டிதான், ஓட்டுகிற பையனைத்தான் யாரென்றே தெரியவில்லை.

தப்பு என்னுடையதும்தான். காசை வாங்கிக்கொண்டு, ஆர்.சி. புத்தகத்தையும் பேர் மாற்றத்துக்குக் கையெழுத்துப் போட்ட படிவம் 29, 30 இரண்டையும் கொடுத்து, "சீக்கிரம் பேர் மாத்திடுங்க" என்று சொன்னதோடு மறந்துவிட்டேன். வாங்கியவர் மாற்றவே இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 50-ஆவது பிரிவுப்படி விற்றவரும் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டுமாம், இவ்வளவு நாள் அது வாங்குகிறவர் வேலை என்றே நினைத்திருந்தேன். அபராதம்கூடப் பரவாயில்லை, அந்தப் பையன் யார் மேலாவது மோதியிருந்தால்? ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், நஷ்டஈடும் அவர் தலையில்தான் என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. அதைப் படித்ததிலிருந்து தூக்கம் சரியில்லை.

"ஆயிரத்து ஐந்நூறுதானே மாமா, கட்டித் தொலைங்க" என்கிறான் மச்சினன். கட்டினால் நான்தான் செய்தேன் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும், அடுத்த தடவை சிக்னல் தாண்டினால் 1500. ஹெல்மெட் அபராதம் 100 ரூபாயாக இருந்த காலத்தில், அதாவது 2022 அக்டோபருக்கு முன்னால், நானும் முணுமுணுத்துக்கொண்டே கட்டியிருப்பேன். இப்போது, விற்றபோது எழுதி வாங்கிய டெலிவரி நோட்டை இணைத்து அதே தளத்தில் புகார் போட்டிருக்கிறேன். நல்ல வேளை, அதைத் தூக்கிப் போடவில்லை.

இதற்கு நடுவில் வாட்ஸ்அப்பில் வேறு ஒரு 'சலான்' வந்தது, போனில் ஆப்பை ஏற்றிவிடும் ஏபிகே ஃபைலோடு. அதைத் திறந்தால் பேங்க் பணம் காலி. அரசுத் தளத்தின் முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடியும், அதற்குள் போய் வண்டி எண்ணைப் போட்டுப் பார்க்காமல் யாரும் ஒரு பைசா கட்டாதீர்கள்.

போக்குவரத்துக் காவல் துறைக்கு ஒரே ஒரு கோரிக்கை. எனக்கு வந்த எஸ்எம்எஸ் முழுக்க ஆங்கிலம், என் மகள்தான் படித்துச் சொன்னாள். எந்த இடம், எத்தனை மணி, ஆட்சேபம் இருந்தால் எங்கே சொல்வது என்று தமிழில் நாலு வரி போடக் கூடாதா?

வண்டியை வாங்கியவருக்குத் தினமும் போன் செய்கிறேன். சுவிட்ச் ஆஃப்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பெரம்பூர், சென்னை