மொறுமொறுவா, நறுக்கா?

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தபோது என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. குழைய வெந்ததைத் தவிர எதுவும் உள்ளே போகாத நேரம் பார்த்து, 'கிரிஸ்ப்' என்பதற்குத் தமிழ் கேட்கிறாய். நல்ல ஆள்! மகளுக்கு வேலை கிடைத்த சேதிக்காக உன்னை மன்னித்தேன். அவளிடம் என் வாழ்த்தைச் சொல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ மொழிபெயர்க்கும் சமையல் குறிப்பில் பிஸ்கட்டும் கிரிஸ்ப், ஆப்பிளும் கிரிஸ்ப். இரண்டுக்கும் 'மொறுமொறு' போட்டுவிடலாமா என்கிறாய். பிஸ்கட்டுக்குப் போடு, ஆப்பிளுக்கு வேண்டாம். மொறுமொறுப்பு காய்ந்த பண்டத்தின் குணம். ஈரம் ஏறினால் நமத்துப்போகும். ஆப்பிள் நேர்மாறு. அதன் செல்களில் நீர் நிறைந்து விறைப்பாக இருக்கும்வரைதான் அந்தக் கடி. நீர் வற்றினால் தோல் சுருங்கித் தொய்ந்துவிடும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல், ஏனென்றால் கடிக்கும்போது வரும் சத்தம் ஒரே சாதி.

சத்தத்தைச் சும்மா சொல்லவில்லை. சார்லஸ் ஸ்பென்ஸ், மாசிமிலியானோ ஸாம்பினி என்ற இருவர் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், பிரிங்கிள்ஸ் என்ற உருளைக்கிழங்கு சிப்ஸைக் கடிப்பவர்களின் காதில் ஹெட்போனை மாட்டி, அவர்கள் கடிக்கும் சத்தத்தையே மாற்றிக் கேட்கவைத்தார்கள். கீச்சென்ற மேல்சுருதியைக் கூட்டியபோது, அதே சிப்ஸ் இன்னும் மொறுமொறுப்பாகவும் புதிதாகவும் இருப்பதாகத் தோன்றியதாம். முதலில் சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசுகூட 2008-இல் இதற்குக் கிடைத்தது. 'கிரன்ச்சி' என்பது அதைவிடக் கனத்த சத்தம். பச்சைக் கேரட்டை மெல்லும்போது கேட்குமே, அந்தக் 'கறுக்முறுக்'.

இன்னொரு வேடிக்கை. 'கிரிஸ்ப்' லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அதற்குச் 'சுருள்' என்றுதான் பொருள். சுருட்டை முடியைச் சொன்ன வார்த்தை. சாப்பாட்டுப் பக்கம் வந்ததெல்லாம் பிற்பாடு.

ஆப்பிளுக்கு என் சிபாரிசு 'நறுக்'. 'நறுக்கென்று கடிபடும் ஆப்பிள்' என்று எழுதிப் பார். வளவளக்காத பதிலையும் ஆங்கிலத்தில் கிரிஸ்ப் என்பார்கள். நாமும் 'நறுக்கென்று சொன்னாள்' என்கிறோம். 'மொறுமொறு'வை வைத்து இதைச் செய்ய முடியுமா?

சாலட்டில் போடும் லெட்டூஸ் இலையையும் கிரிஸ்ப் என்பார்கள். அதற்குத்தான் சொல் சிக்கவில்லை. 'விறைப்பான இலை' என்றால் கஞ்சி போட்ட சட்டை மாதிரி இருக்கிறது. உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது. நேற்று வலப்பக்கமாக ஒரு துண்டு ஆப்பிள் கடித்துப் பார்த்தேன், வலி இல்லை.

உன் பழைய நண்பன்