டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் இருந்த இடத்தில் ஒரு பலகை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மூடப்பட்ட சென்னை உணவகங்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். காரில் உட்கார்ந்தபடியே சாப்பிட வசதி இருந்த கதீட்ரல் சாலை டிரைவ்-இன் உட்லண்ட்ஸுக்கு அதில் இரண்டே வரி. பட்டூராவும் காபியும் பிரபலம் என்பதோடு முடித்துவிட்டீர்கள். இருபது வருடத்துக்கு மேல் அங்கே உட்கார்ந்து எழுந்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் சேர்த்துச் சொல்கிறேன்.

நான் 1981இல் மருந்துக் கம்பெனி ரெப்பாக, அதாவது டாக்டர்களைப் பார்த்து மருந்தைப் பற்றிச் சொல்லும் விற்பனைப் பிரதிநிதியாக வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் டாக்டர்களை ஆஸ்பத்திரியில் பார்க்கலாம், அப்புறம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கிளினிக்கில் பார்க்கலாம். நடுவில் இருக்கும் நாலைந்து மணி நேரம் எங்கே போவது? கழுத்தில் டை, கையில் சாம்பிள் அடைத்த தோல் பை, வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். வீடு தாம்பரத்தில். போய்த் திரும்பினால் பெட்ரோல் கட்டாது. எனக்கு ஆபீஸ் என்று ஒன்று சென்னையில் கிடையாது. டிரைவ்-இன்தான் ஆபீஸ். என்னைப் போல எத்தனையோ ரெப்புகளுக்கும் அப்படித்தான்.

டெய்லி ரிப்போர்ட்டை அங்கேதான் எழுதுவோம். கார்பன் தாள் காற்றில் பறக்காமல் இருக்க டபராவை அதன்மேல் வைப்போம். பம்பாய் ஹெட் ஆபீஸுக்கு நான் அனுப்பிய ரிப்போர்ட்டுகளில் பாதி, மூலையில் காபி வட்டத்தோடு போனவை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு டாக்டர் முன்னால் வாய் திறக்கவே வராது. போட்டிக் கம்பெனி சீனியர் ஒருவர் எதிரே டாக்டர் மாதிரி உட்கார்ந்துகொண்டு, "ம், சொல்லு, அரை நிமிஷம்தான் தருவேன்" என்பார். என் மருந்து விற்றால் அவருடைய மருந்துக்குத்தான் நஷ்டம். ஆனாலும் ஒரு மாதம் சொல்லிக்கொடுத்தார்.

இவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்போமே, ஒருநாள்கூட "எழுந்திருங்க சார்" என்று யாரும் சொன்னதில்லை. இன்னொரு காபி வேண்டுமா என்றுகூடக் கேட்காமல், தண்ணி டம்ளரை நிரப்பிவிட்டுப் போவார் சர்வர். அந்த மரியாதையைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். இன்று எந்த ஓட்டலில் கை கழுவிவிட்டு வருவதற்குள் பில் மேஜைக்கு வராமல் இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை என்றால் குடும்பங்கள். என் மச்சினர் அம்பாசிடர் வைத்திருந்தார். கண்ணாடியைப் பாதி இறக்கினால் அதில் கொக்கி போட்டுத் தட்டை மாட்டுவார்கள். அந்த ஜன்னல் பக்கம் உட்கார என் மகளும் அவர் பையனும் போட்ட சண்டை கொஞ்சமா! நெய் ரோஸ்ட் வந்ததும் சண்டை ஓய்ந்துவிடும். மேலே மரத்தில் காக்கைகள் காத்துக்கொண்டிருக்கும்.

ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸைத் தொடங்கிய உடுப்பிக்காரர் கே. கிருஷ்ண ராவ், 1962இல் டிரைவ்-இன்னைத் திறந்தார். இடம் குத்தகை இடம். நிலத்தை அரசு எடுத்துக்கொண்டதால் 2008இல் மூடினார்கள். 46 வருடம். மூடப்போகிறார்கள் என்று தெரிந்து கடைசி வாரத்தில் போனேன். பழைய ரெப்புகள் ஏழெட்டு பேர் சொல்லிவைத்தாற்போல் வந்திருந்தார்கள். யாரும் அதிகம் பேசவில்லை. எப்போதும் எங்களைக் கவனிக்கும் சர்வர், வழக்கம்போல் தண்ணி ஊற்றினார்.

அந்த இடத்தில்தான் 2010 நவம்பரில் செம்மொழிப் பூங்காவை முதல்வர் கருணாநிதி திறந்துவைத்தார். பூங்கா வந்ததில் எனக்கு வருத்தமில்லை. அடுக்குமாடி எழும்பாமல் மரங்கள் தப்பித்ததே பெரிய விஷயம். போன மாதம் பேத்தியை அழைத்துக்கொண்டு டிக்கெட் வாங்கி உள்ளே போனேன். "தாத்தா, இங்கயா ஓட்டல் இருந்துச்சு?" என்று அவள் நம்பவே மாட்டேன் என்கிறாள். காட்டுவதற்கு அங்கே ஒன்றும் என் கண்ணில் படவில்லை. செடிக்குச் செடி பெயர்ப்பலகை இருக்கிறது.

ஆசிரியர் அவர்களே, நீங்கள் எழுதினால் தோட்டக்கலைத் துறையின் காதில் விழும். பழைய பெரிய மரம் ஏதாவது ஒன்றின் அடியில் சின்னதாக ஒரு பலகை போதும்: "1962 முதல் 2008 வரை இங்கே உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம் இருந்தது." பக்கத்தில் ஒரு பெஞ்ச் போட்டால் இன்னும் நல்லது. அப்புறம் ஒரு வேண்டுகோள். கார் ஜன்னலில் தட்டு மாட்டிய படம் வாசகர்கள் யாரிடமாவது இருந்தால் வாங்கி வெளியிடுங்கள். என்னிடம் ஒன்றுகூட இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்துக் கம்பெனி ரெப்,
தாம்பரம்.