அந்த அக்காவுக்குச் சுவிசேஷத்தைச் சொல்லுங்கள், ஐயா

எங்கள் சபைப் போதகர் ஐயாவுக்கும் கமிட்டிப் பெரியவர்களுக்கும் ஸ்தோத்திரம்.

போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். வெளியிலிருந்து பிரசங்கம் பண்ண வந்த செய்தியாளர், காணிக்கை போடுவதுதான் விதைப்பது என்று வைத்து, ‘சிறுக விதைக்கிறவன் சிறுக அறுப்பான்’ என்று முக்கால் மணி நேரம் பேசினார், காணிக்கைப் பணம் போட்ட ஆசீர்வாதக் கவர்கள் வரிசை வரிசையாக வந்தன, நீங்களும் மேடையில் இருந்து ஆமென் சொன்னீர்கள்.

எங்கள் லைன் வீட்டு அக்காவுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்தால்தான் ஞாயிற்றுக்கிழமை அடுப்பு எரியும். வீட்டுக்காரர் ஆறு மாதமாகப் படுக்கையில். விதைத்தால் அவர் எழுந்து நடப்பார் என்று நம்பி, தோட்டை அடகு வைத்து, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் கவரைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். துளை தூர்ந்துவிடக் கூடாதென்று இரண்டு காதிலும் வேப்பங்குச்சி. குழாயடியில் குடத்தை இறக்கி வைத்துக்கொண்டு, “நான் போட்டது பத்தலையோ என்னமோ கண்ணு” என்றார். எனக்கு வாய் வரவில்லை.

ஐயா, அந்த வசனம் 2 கொரிந்தியர் 9-ல் இருக்கிறது. முந்தின அதிகாரத்திலிருந்து வாசித்துப் பாருங்கள், கொரிந்து சபைக்கு அந்த நிருபத்தை எழுதின பவுல் அங்கே எருசலேமில் கஷ்டப்படுகிற விசுவாசிகளுக்காகத்தான் பணம் சேர்க்கிறார். இல்லாதவருக்குக் கொடுக்கச் சொன்ன வசனத்தைச் சொல்லி இல்லாதவரிடமே வாங்கிவிட்டோம்.

சுவிசேஷம் என்றால் நல்ல செய்தி, செய்தி என்றால் நடந்ததைச் சொல்வது. கிறிஸ்து நம்முடைய பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்தார் என்று அதே பவுல் 1 கொரிந்தியர் 15-ல் சொல்கிறார். இதில் அக்கா கட்டவேண்டிய பாக்கி எங்கே இருக்கிறது? நாசரேத் ஜெப ஆலயத்தில் இயேசு ஏசாயாவின் புத்தகத்தை விரித்து வாசித்ததும் தரித்திரருக்குச் சுவிசேஷம் என்றுதானே. அதைச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இப்படிக் கேட்டால் காணிக்கைக்கே விரோதி என்கிறார்கள். எங்கள் அப்பா தறி ஓட்டித் தசமபாகம் கொடுத்தவர், கொடுப்பதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. ஆனால் கம்பெனிக்கு ஆர்டர் குறைந்தாலும் விசுவாசக் குறைவு, பிள்ளை பரீட்சையில் போனாலும் விசுவாசக் குறைவு, கன்வென்ஷன் பேனரில் செய்தியாளர் முகம் ஆளுயரத்துக்கு, சிலுவை ஒரு மூலையில், இதையெல்லாம் எத்தனை வருஷம் பார்த்துக்கொண்டிருப்பது? சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள்.

வருகிற ஞாயிறும் அக்கா வருவார், செருப்பு விடுகிற வாசல் ஓரம் கடைசிப் பாயில் உட்காருவார். வீட்டுக்காரர் வியாதிக்கும் அந்தக் கவருக்கும் சம்பந்தமில்லை என்று அவர் காதில் விழும்படி மேடையிலிருந்தே சொல்லி, அப்புறம் சுவிசேஷத்தைச் சொல்லுங்கள். அந்தப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், தோடு இன்னும் அடகுக்கடையில்தான் இருக்கிறது. தயவாகக் கேட்கிறேனுங்க.