பார்ன்ஸ் கட்டியது வீடு, ஹோட்டல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏப்ரல் வசந்தகாலம் வந்தாலே நுவரெலியா கிரான்ட் ஹோட்டலைப் பற்றி யாராவது எழுதிவிடுகிறார்கள். 'தேசாதிபதி சேர் எட்வேட் பார்ன்ஸ் கட்டிய ஹோட்டல்' என்ற வரியும் தவறாமல் வந்துவிடும். அது பாதிதான் சரி. 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாக இருந்த பார்ன்ஸ் கட்டியது, குளிர்தேடி வந்தால் தாம் தங்குவதற்கான மாளிகை. அதற்குப் பெயர் பார்ன்ஸ் ஹோல். அது ஹோட்டலானது 1891இல்.

நடுவில் அறுபது ஆண்டுக்கு மேல் ஏன் ஆயிற்று என்பதைத்தான் யாரும் எழுதுவதில்லை. காரணம் பாதை. 1848இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் இங்கே பண்ணை போட வந்தபோது, அவருடைய குதிரைக்காரன் குடிபோதையில் ஓட்டிய வண்டி றம்பொட கணவாயில் குதிரைகளோடு பள்ளத்தில் விழுந்தது. அதை மீட்க அரசாங்க யானை ஒன்றை அனுப்பினார்கள். அதே ஆள் அதையும் மலையில் விரட்டி ஓட்ட, யானையும் செத்துப்போனது. சாமான் ஏற்றுவதே இந்தப் பாடு என்றால், வாரவாரம் விருந்தாளிகளை ஏற்றி இறக்கி ஹோட்டல் நடத்துவது எங்கே?

புகையிரதம் 1867இல் கண்டிக்கு வந்தது, 1885இல் நானுஓயாவைத் தொட்டது. கோப்பிக்காகத் தொடங்கிய பாதை மலை ஏறி முடிவதற்குள் இலைநோய் கோப்பியை முடித்துவிட்டது; பலன் தேயிலைக்குப் போனது. கொழும்பில் ஏறியவர் நானுஓயாவில் இறங்கிச் சில மைல் போனால் நுவரெலியா என்றான பிறகுதான் ஹோட்டல் கம்பெனிக்கு இங்கே வேலை வந்தது. நானுஓயாவிலிருந்து இரண்டரை அடி அகலச் சிறு புகையிரதப் பாதை ஊருக்குள் வந்தது 1903இல்தான். பின்பு றாகலை வரை நீண்ட அது 1940களில் மூடப்பட்டது.

இன்னொன்று. இன்று தெரியும் முகப்பு முழுவதும் பார்ன்ஸ் காலத்தது என்று எண்ண வேண்டாம். ஹோட்டலான பின் கட்டடம் விரிவாக்கப்பட்டது. வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டம் போட்ட இந்தப் பாணியை எலிசபெத் காலப் பாணி என்பார்கள். இங்கிலாந்தின் பழைய வீடுகளில் அந்தச் சட்டம்தான் கூரையைத் தாங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவற்றைப் பார்த்துக் கட்டியவை பலவற்றில் சுவரே பாரம் சுமக்கும். மரம் மேலே அறைந்த பலகை. பழைய பங்களா எதிலும் இதைச் சோதிக்கலாம்: சட்டங்கள் சேரும் மூட்டில் மரமுளை இருந்தால் நிஜச் சட்டமாக இருக்க வாய்ப்புண்டு, ஆணித்தலை மட்டும் தெரிந்தால் அலங்காரம்.

பராமரிப்பவர்களுக்கும் ஒரு சொல். பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சீமெந்து பூசினால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் பலகைக்குப் பின்னால் தங்கும். முதலில் உளுத்துப்போவது பலகையின் அடிநுனி. அங்கே பேனாக்கத்தி முனை சுலபமாக இறங்கினால், பெயின்ட் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சீமெந்தை உரித்துச் சுண்ணாம்பு பூசுங்கள்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
நுவரெலியா