லான்சலாட் தயங்கிய இரண்டு அடி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறுவர் பக்கத்தில் வரும் ஐரோப்பிய வீரர் கதைகளை ஆவலோடு படிக்கிறோம். அவற்றில் அரசர் வாளால் தோளைத் தொட்டதும் ஒருவன் 'நைட்', அதாவது பட்டம் பெற்ற குதிரை வீரன், ஆகிவிடுகிறான். பிறகு எதிரியை வீழ்த்தித் தன் விசுவாசத்தைக் காட்டுகிறான். இடைக்கால மூலக் கதைகள் இப்படி இல்லை. அவற்றில் சண்டையில் ஜெயிப்பது சுலபமான வேலை. கொடுத்த வாக்கைக் குறித்த நாளில், சொன்னது சொன்னபடி காப்பதில்தான் பெரிய பெரிய வீரர்களும் சறுக்குகிறார்கள்.

வாக்கு அங்கே எவ்வளவு கனமானது என்பதை ஒரு வரலாற்று நிகழ்ச்சியிலிருந்தே காட்டலாம். 1127 மார்ச் 2 அன்று, இன்றைய பெல்ஜியப் பகுதியில் இருந்த பிளாண்டர்ஸ் நாட்டின் கோமகன் சார்ல்ஸ், புரூஜ் நகரத் தேவாலயத்தில் ஜெபித்துக்கொண்டிருந்தபோது தம் சொந்த ஆட்களாலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். ஐந்தே வாரத்தில் புதிய கோமகன் வில்லியம் முன் வீரர்கள் வரிசையாக வந்து நின்றார்கள். நடந்ததைக் கால்பெர்ட் என்ற அந்நகர எழுத்தர் படிப்படியாகக் குறித்து வைத்திருக்கிறார். "முழுமையாக என் ஆளாக விரும்புகிறாயா?" என்று கோமகன் கேட்பார். "விரும்புகிறேன்" என்று வந்தவர் சொல்வார். அவருடைய கூப்பிய கைகளைக் கோமகன் தம் இரு கைகளுக்குள் பொத்திக்கொள்வார், பிறகு முத்தம். அடுத்து, வஞ்சகமில்லாமல் உண்மையாக இருப்பேன் என்று வாய்விட்டு வாக்குறுதி. மூன்றாவதாக, அதே வாக்குறுதியைப் புனிதர்களின் அருளிக்கங்கள் (உடல் எச்சங்கள், நினைவுப் பொருள்கள்) மீது ஆணையிட்டுச் சொல்ல வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் கோமகன் கையிலிருந்த சிறு கோலால் நில உரிமை வழங்கப்பட்டது.

இந்தக் கட்டு இரண்டு பக்கமும் இழுக்கும். தமக்குத் தந்த உறுதிமொழிகளை வில்லியம் மீறிவிட்டார் என்று சொல்லி, அடுத்த ஆண்டே பிளாண்டர்ஸ் நகரங்கள் அவருக்கு எதிராகக் கிளம்பின. விசுவாசம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அடிபணிவது என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

தோளைத் தொடும் வாளுக்கு வருவோம். அது பிற்கால வழக்கம். 12, 13-ஆம் நூற்றாண்டு நூல்களில் வருவது வெறுங்கையால் கழுத்தில் கொடுக்கும் ஓர் அடி. 13-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கவிதை ஒன்றில், சிறைப்பட்ட திபேரியா பிரபு ஹியூ, தம்மைச் சிறைபிடித்த சுல்தான் சலாவுத்தீனுக்கு இந்தச் சடங்கைச் செய்து காட்டுகிறார். குளியல், படுக்கை, வெள்ளாடை, சிந்தவேண்டிய ரத்தத்தை நினைவூட்டும் செந்நிற மேலாடை, மண்ணையும் மரணத்தையும் நினைவூட்டும் கருநிறக் காலுறை, வெள்ளை இடைக்கச்சு, குதிரையைத் தூண்டும் பொன் குதிமுள், அடுத்து வாள். வாளின் ஒரு விளிம்பு நீதி, மறுவிளிம்பு விசுவாசம் என்று விளக்குகிறார். கழுத்தில் அடிக்கவேண்டிய இடம் வந்ததும் நின்றுவிடுகிறார். தாம் கைதி; தம்மைப் பிடித்து வைத்திருப்பவரை அடிப்பது முறையல்ல என்கிறார். கையை ஓங்காமல் விட்ட அந்த இடத்தில்தான் ஹியூவின் தகுதி தெரிகிறது.

வாக்கை அளந்து பார்க்கும் கதை என்றால் 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் எழுந்த, ஆர்தர் அரசரின் வீரர் கவெய்ன் கதைதான். புத்தாண்டு விருந்துக்கு வந்து, வெட்டுக்குப் பதில் வெட்டு என்று சவால் விட்ட பச்சை வீரனின் தலையைக் கவெய்ன் ஒரே வெட்டில் துண்டிக்கிறார். அவனோ தலையைக் கையில் எடுத்துக்கொண்டு, சரியாக ஓராண்டு கழித்துப் பதில் வெட்டு வாங்க வா என்கிறான். கவெய்ன் போகிறார். வழியில் தங்கிய கோட்டையில் வேறோர் ஒப்பந்தம்: மூன்று நாளும் வேட்டையில் கிடைப்பதைக் கோட்டைத் தலைவன் தர வேண்டும், வீட்டில் தமக்குக் கிடைப்பதைக் கவெய்ன் தர வேண்டும். தலைவன் மான்களையும் காட்டுப்பன்றியையும் நரியையும் தருகிறான். கவெய்ன் அவன் மனைவியிடம் பெற்ற முத்தங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று கணக்காகத் திருப்பித் தருகிறார். ஆனால் உயிரைக் காக்கும் என்று அவள் சொல்லிக் கொடுத்த பச்சைப் பட்டுக் கச்சையை மட்டும் மறைத்துவிடுகிறார். கோட்டைத் தலைவனே பச்சை வீரன். அவன் கோடரியை மூன்று முறை ஓங்குகிறான்: முதல் இரண்டு நாள் நேர்மைக்காக இரண்டு வெற்று ஓங்கல், மூன்றாம் நாள் மறைப்புக்காகக் கழுத்தில் ஒரு கீறல். கவெய்ன் ஆசையால் தவறவில்லை, உயிர்மேல் வைத்த பற்றால் தவறினார். அதனால்தான் தண்டனை கீறலோடு நின்றது.

லான்சலாட் கதையில் தராசு இன்னும் நுணுக்கமானது. 12-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கவிஞர் கிரெட்டியான் எழுதிய கதையில், கடத்தப்பட்ட ஆர்தரின் அரசி கினிவியரைத் தேடிப் போகும் லான்சலாட் குற்றவாளிகளை ஏற்றும் வண்டியில் ஏற வேண்டியிருக்கிறது. ஏறினால் மானம் போகும். இரண்டு அடி எடுத்து வைக்கும் நேரம் தயங்கிவிட்டு ஏறுகிறார். பிறகு கை, கால் கவசங்களைக் கழற்றி, வாளின் விளிம்பாலேயே ஆன பாலத்தைத் தவழ்ந்து கடக்கிறார். உள்ளங்கையும் பாதமும் கிழிகின்றன. அப்படி வந்தவரிடம் அரசி பேச மறுக்கிறாள். காரணம் அந்த இரண்டு அடித் தயக்கம். பின்னர் ஒரு போட்டியில் 'மோசமாகப் போரிடு' என்று அவள் ஆள் அனுப்ப, கூட்டமே கேலி செய்தும் லான்சலாட் கோழையைப் போல ஒதுங்கி ஓடுகிறார். 'உன் திறமையைக் காட்டு' என்ற ஆணை வந்த பிறகே ஜெயிக்கிறார்.

தொடரில் லான்சலாட்டின் முறை வரும்போது பாலத்தோடு அந்த வண்டியையும் ஓவியர் வரைய வேண்டும். வீரராக்கும் சடங்கை மீண்டும் வரைவதாக இருந்தால், வாளை இடுப்பிலேயே விட்டுவிட்டு வெறுங்கையை வரையட்டும்.

இப்படிக்கு,
இடைக்கால இலக்கிய வாசகர்கள்